எந்தப் பக்கத்துச் சமையல் என்று கேட்டீர்களா?

நான் சிபாரிசு செய்த சீன உணவகத்துக்குப் போய்விட்டு ஒருவர் ஒரு ஸ்டார் போட்டு எழுதிய ரிவ்யூவின் ஸ்கிரீன்ஷாட்டை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். பார்க்காதவர்களுக்கும் நேற்று இரவுக்குள் யாராவது அனுப்பியிருப்பார்கள். அதனால் கதையைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. “வாய் மரத்துப்போகிறது, ஏதோ கெமிக்கல் கலக்கிறார்கள், சிபாரிசு செய்த ஞானிக்கு நன்றி” என்று எழுதியவர் என் நண்பர். இப்போதும் நண்பர்தான். நிதானமாகவே பேசுகிறேன்.

ஐயா, அது சிச்சுவான் கடை, தென்மேற்குச் சீனாவின் சிச்சுவான் மாகாணத்துச் சமையல். வாய் மரத்துப்போகத்தான் செய்யும். மரத்துப்போகாவிட்டால்தான் ஒரு ஸ்டார் போட வேண்டும்.

சிச்சுவான் மிளகு நமக்குத் தெரிந்த மிளகு இல்லை, மிளகாயும் இல்லை. எலுமிச்சைக் குடும்பத்து மரம் ஒன்றின் காய்ந்த பழத்தோல் அது. அதிலிருக்கும் சான்ஷூல் என்ற பொருள் நாக்கில் பட்டால் முதலில் உதடு குறுகுறுக்கும், அப்புறம் லேசாக மரத்துப்போகும். மாப்போ டோஃபு என்ற காரமான சோயா பனீர் குழம்பின் மேல் கடைசியாகத் தூவுவது அதைத்தான். அதையும், மிளகாயோடு ஃபாவா பீன்ஸைப் புளிக்கவைத்த அந்தச் சிவப்பு விழுதையும் எடுத்துவிட்டால் கிண்ணத்தில் மிஞ்சுவது வெந்த டோஃபு. சமையல்காரர் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்திருக்கிறார். அதற்குத் தண்டனை ஒரு ஸ்டார்.

நான் வருடக்கணக்காகக் கத்துவது ஒன்றே ஒன்றுதான். “நல்ல சைனீஸ் எங்கே கிடைக்கும்?” என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. எந்தப் பக்கத்துச் சமையல் என்று முதலில் கேளுங்கள். சீனர்களே தங்கள் சமையலில் எட்டுப் பெரிய மரபுகளை எண்ணுகிறார்கள்: ஷான்டாங், சிச்சுவான், குவாங்டாங், ஜியாங்சு, ஜெஜியாங், ஃபுஜியான், ஹூனான், அன்ஹுய். குவாங்டாங்காரர் மீனை ஆவியில் வைத்து எடுப்பதில் கெட்டி. ஹூனான்காரர் மிளகாயை அள்ளிப் போடுவார், ஆனால் நாக்கை மரக்கவைக்க மாட்டார். வடமேற்கு நகரமான லான்ஜோவிலிருந்து வந்தவர் கையாலேயே நூடுல்ஸ் இழுப்பார், மாட்டிறைச்சி சூப்பில் போட்டுத் தருவார். இவர்கள் எல்லாருக்கும் வாசலில் ஒரே போர்டு, “சைனீஸ்”. நாமும் உள்ளே போய் ஒரே ஆர்டரைச் சொல்கிறோம்.

நண்பர் அங்கே என்ன வாங்கினார் தெரியுமா? ஸ்வீட் அண்ட் சவர் சிக்கன், ஃப்ரைடு ரைஸ், “கூட டோஃபுவில் ஏதாவது”. தையல் கடையில் உட்கார்ந்துகொண்டு முடி சரியாக வெட்டவில்லை என்று சண்டை போடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

“அப்போ எனக்குப் பிடித்ததை நான் சாப்பிடக்கூடாதா, என்ன மேட்டிமைத்தனம்?” என்று கமென்டில் ஒருவர் கேட்டிருக்கிறார். தாராளமாகச் சாப்பிடுங்கள். ஸ்வீட் அண்ட் சவரின் வேர் கான்டனீஸ் சமையலில், அதாவது அந்தக் குவாங்டாங் சமையலில் இருக்கிறது. நல்ல கான்டனீஸ் கடைக்குப் போய்க் கேட்டால் மொறுமொறுப்பும் புளிப்பும் குறையாமல் தருவார்கள். நான் எங்கே வேண்டாம் என்றேன்? எங்கே கேட்பது என்றுதானே சொல்கிறேன்?

“சர்வர் சொல்லியிருக்கலாமே?” சொல்லியிருக்கலாம். சரி, அடுத்தது.

“சீனர்கள் நிறையப் பேர் சாப்பிடும் கடையாகப் பார்த்துப் போனால் போதும்” என்கிறார் இன்னொருவர். பாதி சரி. ஆனால் கூட்டத்தைப் பார்த்தால் போதாது, அவர்கள் மேசையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எனக்கு இது புரிந்தது ஒரு சின்னக் கடையில். எனக்குக் கையில் படம் போட்ட மெனு. சுவரில் கையால் எழுதி ஒட்டிய சீனத் தாள்கள். பக்கத்து மேசையில் ஒரு முழு மீன். அதைக் காட்டி “எனக்கும் அது” என்றேன். சர்வர் தலையை ஆட்டினார். “உங்களுக்குப் பிடிக்காது, முள் இருக்கும்.” விடவில்லை. வந்தது. மேலே நூல் நூலாக நறுக்கிய இஞ்சி, வெங்காயத்தாள்; அதன்மேல் காய்ச்சி ஊற்றிய எண்ணெய் இன்னும் பொரிந்துகொண்டிருந்தது, அடியில் சோயா. சதை முள்ளைவிட்டுப் பிரியலாமா என்று யோசிக்கிற பதம். தலைக்குப் பக்கத்தில் இருக்கும் கன்னத்துச் சதையை நான் தோண்டி எடுக்கும்வரை அந்த மனிதர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த முறை போனபோது படம் போட்ட மெனுவை எடுக்கவே இல்லை, “இன்று என்ன மீன் வந்திருக்கிறது” என்றுதான் ஆரம்பித்தார். எந்த ஸ்டார் இதைச் சொல்லும்? ஸ்டார் போடுகிறவர்கள் ஏசியையும் சிரிப்பையும் கழிவறையையும் அளக்கிறார்கள். அடுப்பை யாரும் அளப்பதில்லை.

டெலிவரியில் வாங்கிவிட்டு ரிவ்யூ எழுதுகிறவர்களை என்ன சொல்ல? இறால் டிம்சம், அதாவது ஆவியில் வைத்த குட்டிக் கொழுக்கட்டை, அதன் கண்ணாடி போன்ற தோல் ஆறினாலே விறைத்துவிடும். வோக் என்ற குழிந்த சீன வாணலியில் தீ பறக்க வதக்கிய நூடுல்ஸ் மூடிய டப்பாவுக்குள் தன் ஆவியிலேயே வெந்து சொதசொதத்துப் போகும். அது கடையின் குற்றமாம்.

அந்தக் “கெமிக்கல்” விஷயத்துக்கு வருகிறேன், அதுதான் உறுத்துகிறது. அஜினோமோட்டோ, அஜினோமோட்டோ என்று கீழே எத்தனை கமென்ட்! 1908-இல் கிகுனே இகேடா என்ற ஜப்பானிய விஞ்ஞானி கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்த சுவை அது. தக்காளியிலும் பழுத்த பார்மசான் சீஸிலும் அந்தச் சுவையைத் தரும் அதே குளுட்டமேட் இயற்கையாகவே இருக்கிறது. 1968-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஒரே ஒரு வாசகர் கடிதத்திலிருந்து சைனீஸ் சாப்பிட்டால் தலைவலி, படபடப்பு வரும் என்ற பயத்துக்கு “சைனீஸ் ரெஸ்டாரன்ட் சின்ட்ரோம்” என்று பேர் கிளம்பியது. பிறகு நடந்த கட்டுப்படுத்தப்பட்ட சோதனைகளில் அது உறுதியாக நிரூபணம் ஆகவே இல்லை. ஆனால் பேர் ஒட்டிக்கொண்டது. அதே 1968-இல்தான் அமெரிக்கா சிச்சுவான் மிளகு இறக்குமதியைத் தடை செய்தது, எலுமிச்சை மரங்களுக்கு நோய் பரவும் என்று பயந்து. 2005 வரை தடை. ராசியில்லாத வருடம்.

சீஸ் தட்டைப் பார்த்து யாருக்கும் தலைவலி வருவதில்லை, கவனித்தீர்களா? பெரிய பிரெஞ்சு உணவகத்தில் தட்டின் நடுவில் ஒரு துளி சாஸ் வைத்தால் அது கலை. ஒரு சீனச் சமையல்காரர் வருடக்கணக்காகக் கை பழகி மாவை இழையிழையாக இழுத்தால் மட்டும் மலிவாக இருக்க வேண்டும், சீக்கிரம் வர வேண்டும், காரம் நமக்குத் தோதாக இருக்க வேண்டும். போதாததற்கு “அவனுங்க எதைத்தான் தின்ன மாட்டானுங்க” என்று ஒரு கமென்ட். அதற்கு விழுந்த சிரிப்பு எமோஜிகளில் எனக்கு நன்றாகத் தெரிந்த பெயர்கள் இருந்தன. நான் கூட்டிக்கொண்டு போய் டிம்சம் வாங்கிக் கொடுத்தவர்கள், கூடை கூடையாகச் சாப்பிட்டவர்கள். என்னைக் கிண்டல் செய்தது வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சமையலறையில் நிற்கிறவர் உங்களுக்கு என்ன செய்தார்?

இத்தனை களேபரத்துக்கு நடுவில் இன்பாக்ஸில் ஒருவர் மட்டும் உருப்படியாகக் கேட்டிருந்தார்: அம்மாவுக்குக் காரம் ஆகாது, பல்லும் சரியில்லை, எங்கே கூட்டிப் போகலாம்? கான்டனீஸ் கடை, பகல் நேரம், மீனும் அரிசிக் கஞ்சியும், ஆவியில் வைத்த முட்டை இருந்தால் அதுவும் என்று சொன்னேன். கடையின் பெயரையும் அனுப்பிவிட்டேன். இங்கே போட மாட்டேன், கேட்காதீர்கள்.