டவுன் பஸ்ஸிலிருந்து ஆரம்பியுங்கள்

மாநிலம் முழுமைக்கும் நுண்ணறிவுப் போக்குவரத்துத் திட்டம், அதாவது பஸ், சிக்னல், சாலைத் தகவல்களைக் கணினியில் இணைத்து நடத்தும் ஏற்பாடு என்று பேச்செடுத்தாலே கேமரா, பெரிய திரை, கட்டுப்பாட்டு அறை என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். என்னைக் கேட்டால் டவுன் பஸ்ஸிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பேன்.

2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்' செயலி வந்தது. மாநகரப் பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே க்யூஆர் டிக்கெட். மனசாரப் பாராட்டுகிறேன். ஆனால் அதைக் கொண்டுவந்த கும்டா என்ற சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்தின் எல்லை சென்னைப் பெருநகரத்தோடு முடிந்துவிடுகிறது.

சென்னையில் ஒரு பஸ்ஸை விட்டால் பெரும்பாலும் அடுத்தது வந்துவிடும். ஒரு நாளைக்கு நாலே சிங்கிள், அதாவது நாலே நடை பஸ் வரும் கிராமத்தில் காலை பஸ்ஸை விட்டால் அன்றைய கூலி போச்சு, பெரியாஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டும் போச்சு. அங்கே டீக்கடையில்தான் விசாரிக்க வேண்டும்.

"எட்டு இருபது போயிருச்சாண்ணே?"

"இன்னும் வரலம்மா. நேத்தும் வரல."

டிரைவர் வராமல் சிங்கிள் கட் ஆன விஷயம் டெப்போவில் விடிகாலையிலேயே தெரியும். மருந்துச் சீட்டோடு ஸ்டாப்பில் நிற்கிற அந்த அம்மாவுக்குத்தான் யாரும் சொல்வதில்லை. இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று எந்த விதியும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத கோபம்.

கருவிக்குப் பஞ்சமில்லை. 2019 ஜனவரி முதல் பதிவாகும் பஸ்களில் இருப்பிடம் காட்டும் கருவி இருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. சிக்கல் வேறு. நம்மிடம் எட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்கள். போதாக்குறைக்குத் தனியார் பஸ், மினி பஸ். கரூர் கும்பகோணம் கழகத்தில் வருகிறது, ஈரோடு கோவைக் கழகத்தில். கரூரில் இறங்கி ஈரோட்டுக்கு மாறுகிறவருக்கு அது ஒரே பயணம். ஆளுக்கொரு மென்பொருள் வாங்கி ஒன்றோடொன்று பேசாமல் போனால் அவர் மறுபடி டீக்கடையில்தான் கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் 2001-லேயே ஒரு விதி போட்டார்கள். மத்திய நெடுஞ்சாலை நிதியில் இப்படியான திட்டம் செய்ய வேண்டுமானால், எந்தத் துறையிடம் எந்தத் தகவல் இருக்கிறது, அது யாருக்குப் போக வேண்டும் என்று அந்த வட்டாரத்துக்கான கட்டமைப்பை எழுதி வைத்திருக்க வேண்டும். நமக்கும் அந்தத் தாள்தான் முதலில் வேண்டும். சிக்னல், 108, சுங்கச்சாவடி எல்லாம் அதற்குள் வரட்டும். பஸ் நேரத்தை வெளியிட ஜிடிஎஃப்எஸ் என்ற பொது வடிவம் இருக்கிறது. உலகம் முழுக்கப் புழங்குகிறது, காசும் கிடையாது.

டெண்டர் போடும்போதே இரண்டு நிபந்தனைகளை எழுதுங்கள். தகவல் அரசுக்குச் சொந்தம், யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்திருக்க வேண்டும். சிங்கிள் கட் ஆனால், பதிவு செய்துகொண்ட வழித்தடத்து ஊர்க்காரர்களின் பட்டன் போனுக்கும் உடனே குறுஞ்செய்தி போக வேண்டும், தமிழில்.