கல்லறைக் கல்லில் ஆசிட் ஊற்றாதீர்கள்

நவம்பர் 2 கல்லறைத் திருநாள் நெருங்கினால் சேலத்திலும் ஏற்காட்டிலும் பழைய கல்லறைகளைச் சுத்தம் செய்யக் கிளம்புவார்கள். நல்ல மனசுதான். ஆனால் கையில் ஆசிட் பாட்டிலும் கம்பி பிரஷும் இருந்தால் வம்பு.

1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் சேலம் கிழக்கிந்தியக் கும்பெனி கைக்கு வந்தது. அதற்குப் பின் இங்கே செத்த சிப்பாய்க்கும் அதிகாரிக்கும் ஊர்க் கல்லறைத் தோட்டம்தான். 1952ல் சென்னை நந்தம்பாக்கத்தில் போர்க் கல்லறைத் தோட்டம் அமைந்தபோது, தென்னிந்தியாவில் பல ஊர்களில் கிடந்த இரண்டாம் உலகப்போர் வீரர்களை அங்கே கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். முதல் உலகப்போரில் இறந்தவர்களுக்குப் பெயர் மட்டும் கல்லில் ஏறியது, ஆயிரத்துக்கும் மேல். உடல்கள் அந்தந்த ஊர் மண்ணிலேயே. கும்பெனிக் காலத்து ஆளுக்கு அந்தக் கணக்கும் கிடையாது, தலைமாட்டுக் கல் ஒன்றே சாட்சி.

அந்தக் கல் பளிங்கு என்றால் ஆசிட் பட்டதும் புஸ்ஸென்று நுரைக்கும். அழுக்கு போகிறது என்று நினைப்போம், போவது கல். சேர்வராயன் மலைக் கருங்கல் அவ்வளவு லேசில் கரையாது. (அதற்குப் புவியியலில் சார்னோக்கைட் என்று பேர். கல்கத்தாவில் கும்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லைப் பார்த்து 1893ல் வைத்தது. மலையே ஒரு கல்லறையின் பேரைச் சுமக்கிறது!) ஆனால் அதன் இணைப்பில் இருக்கும் சுண்ணாம்புச் சாந்து ஆசிட்டில் கரைந்துவிடும்.

தண்ணீரும் தேங்காய் நார் அல்லது நைலான் பிரஷும் போதும். முதலில் கல்லை நன்றாக நனையுங்கள், கீழிருந்து மேலாகத் தேயுங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த கல்லில் கோடு விழும். பாசியைச் சுரண்டாமல் ஊறவிட்டு மரக்குச்சியால் எடுங்கள். உண்ணிச்செடியைப் பிடுங்கக் கூடாது, வேர் கல்லையே நெம்பும். அடியில் வெட்டிவிடுங்கள்.

விரிசலுக்குச் சிமெண்ட் வேண்டவே வேண்டாம். சிமெண்ட் ஈரத்தை விடாது. ஈரம் கல் வழியாக வெளியேறும், உப்பு பூத்து முகப்பு செதில் செதிலாக உதிரும். 1 பங்கு சுண்ணாம்பு, 3 பங்கு சலித்த மணல், பூசியதும் மேலே ஒரு வாரம் நனைந்த சாக்கு. அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் முன்னால் போட்டோ எடுங்கள். உச்சி வெயிலில் எழுத்து ஒன்றும் தெரியாது. காலை ஏழு மணிச் சாய்வெயில், இல்லையென்றால் பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் அடிக்க ஒரு கண்ணாடி. ஜே. ஜே. காட்டன் 1905ல் தொகுத்த சென்னை மாகாணக் கல்லறை வாசகங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பளிங்கில் ஈய எழுத்து பெயர்ந்திருந்தாலும் அதைப் பிடித்து நிறுத்தத் துளைத்த சின்னக் குழிகள் மிஞ்சும். அந்தக் குழி வரிசையை வைத்தே பெயரைப் படித்துவிடலாம். சுண்ணாம்பு அடித்து அடைத்துவிட்டால் அதுவும் போச்சு.