பீச் ரோடு தாய்லாந்து

சிங்கப்பூர் பீச் ரோட்டில் இருக்கிற கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் கட்டடத்தைப் பற்றிய உங்கள் கட்டுரையில், அதை ஏதோ மூகாத்தா (மேசையிலேயே சுட்டும் வேகவைத்தும் சாப்பிடுகிற தாய்லாந்துச் சாப்பாடு) சாப்பிடப் போகிற இடம் போலவே முழுக்க எழுதியிருக்கிறீர்கள். சாப்பாடு சரி, ஆனால் அதை சிங்கப்பூரின் குட்டி தாய்லாந்து ஆக்கியது தாய்லாந்திலிருந்து கட்டுமான வேலைக்கு வந்த ஆட்கள்தானே, அவர்களுக்கு ஒரு வரிதானா?

நான் பக்கத்தில் வேலை பார்த்த காலத்தில் ஞாயிறு சாயங்காலம் அந்த வழியாகத்தான் பஸ்ஸுக்கு நடப்பேன். உள்ளே நுழைந்தாலே பப்பாளிக்காயை உரலில் இடிக்கிற டொக் டொக் சத்தம், மீன் சாஸ் வாடை, பாதிப் பேர் வடகிழக்குத் தாய்லாந்தின் ஈசான் பக்கத்து ஆட்கள், பேச்சுகூட பக்கத்து நாடான லாவோஸின் லாவோ மொழி மாதிரிதான் இருக்கும். ஊருக்குப் பணம் அனுப்ப ஒரு வரிசை, வெளியே தெற்குத் தாய்லாந்தின் ஹாட்யாய்க்குப் போகிற பஸ்ஸுக்கு அட்டைப்பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு ஒரு கூட்டம். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் நம் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை கூடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதுசாக இருக்காது.

2006இல் நாடாளுமன்றத்திலேயே இந்தக் கட்டடத்தை 'செங்குத்துச் சேரி' என்கிற அர்த்தத்தில் ஒருவர் பேசினார். அப்புறம் 2021இல் அதே கட்டடத்துக்கு, இடிக்காமல் பாதுகாக்க வேண்டிய கட்டடம் என்கிற அந்தஸ்து, அடுத்த வருஷம் 70 கோடி வெள்ளிக்கு விற்பனை, 2023 மே மாதம் எல்லோரும் காலி! 1973இல் கட்டிய கான்கிரீட்டைக் காப்பாற்றிவிட்டார்கள், சந்தோஷம். கடைக்காரர்கள் சிலர் பக்கத்து கோல்டன் மைல் டவருக்குப் போனார்கள், சிலர் வேறு பக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இப்போது எங்கே கூடுகிறது என்று அடுத்த கட்டுரையில் போய்ப் பார்த்து எழுதுங்கள்.