முகம் இல்லாத கல்லில் ஆள் தெரியுமா?

டோனி ஸ்மித் என்ற அமெரிக்கச் சிற்பி 1962-இல் செய்த எஃகுக் கனசதுரத்தின் படத்தைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டிருந்தேன். எல்லாப் பக்கமும் ஆறடி, வேறொன்றும் கிடையாது. "இதுல மனுஷன் எங்கலே இருக்கான்?" என்று அத்தான் கேட்டார். அங்கே சுருக்கமாகச் சொல்ல வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் குடும்பக் கோயிலில் மூன்று பூடங்கள் உண்டு, சாமியாக நினைத்துக் கும்பிடும் பீடங்கள். குமரி மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அடி அகன்று, மேலே போகப் போக ஒடுங்கும் கட்டை உருவம். கண் மூக்கு எதுவும் கிடையாது. கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, முந்தின வாரம் ஆச்சி சுண்ணாம்பு பூசுவாள், வாளி பிடிப்பது நான். "பெரியவ தோள மொதல்ல பூசு மக்களே" என்பாள். அவள் தோள் என்றது பூடத்தின் மேல்விளிம்பை. ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒன்று தனியாக நிற்கும். கல்யாணம் ஆகாமல் கிணற்றில் விழுந்து செத்த பிள்ளை, எங்கள் கன்னி. அதற்கு மட்டும் மட்டையைப் போட்டுவிட்டு உள்ளங்கையால் பூசுவாள். "அவளுக்குக் கூச்சம் ஜாஸ்தி, ஒதுங்கித்தான் நிப்பா."

கதை தெரிந்ததால்தான் ஆள் தெரிகிறது, உருவத்தால் அல்ல என்று சிலர் சொல்வார்கள். பாதிதான் சரி. வில்லுப்பாட்டில் கேட்ட கதை வந்து உட்கார ஓர் உயரமும் ஓர் இடமும் வேண்டும். கடலுக்குள் நிற்கும் வள்ளுவரையே பாருங்கள். அவர் முகத்தைப் பார்த்தவர் யாருமில்லை. கணபதி ஸ்தபதி அளவில் அவரைப் பிடித்தார்: அறத்துப்பாலின் 38 அதிகாரத்துக்கு 38 அடிப் பீடம், பொருளுக்கும் இன்பத்துக்கும் சேர்த்து 95 அடிச் சிலை.

ஸ்மித்தும் அளவைத்தான் நம்பினார். அந்தக் கனசதுரத்தை அவர் தொட்டுச் செய்யவில்லை, தொலைபேசியில் அளவு சொல்லிப் பட்டறையில் செய்ய வைத்தார். இன்னும் பெரிதாகச் செய்திருக்கலாமே என்று கேட்டதற்கு, நான் நினைவுச்சின்னம் செய்யவில்லை என்றார். சிறிதாக என்றால்? நான் ஒரு பொருளைச் செய்யவில்லை என்றார். எதிரே நின்றால் ஓர் ஆள் உயரம். 'டை' என்பது அதன் பெயர், ஆங்கிலத்தில் சாவு என்றும் பொருள் வரும். ஆறடி என்றால் என்னவென்று நமக்குத் தனியாகச் சொல்ல வேண்டுமா? அந்த இரும்புக்குள் எனக்கு ஓர் ஆள் தெரியத்தான் செய்கிறார்.

ஆச்சி போன பிறகு கோயிலைப் புதுப்பித்தோம். வந்த கொத்தனார் மூன்று பூடத்தையும் ஒரே உயரத்தில், ஒரே வரிசையில், டைல்ஸ் ஒட்டி அழகாகக் கட்டிவிட்டார். எங்களில் யாரும் கவனிக்கவில்லை. கொடையன்று சித்தி பிச்சிப்பூ மாலையோடு வந்து நின்றார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "இதுல அவ யாருல?" என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது.

கொடை முடிந்த மறுநாளே ஓரத்துப் பூடத்தை இடித்தோம். ஒரு முழம் தள்ளி, முழங்கால் உயரத்தில், வெறும் செங்கலும் சுண்ணாம்புமாக மறுபடி கட்டினோம். கையால் பூசியது சித்திதான்.