தானமா வந்த மாடா இருந்தாலும் பல்லைப் பாக்கத்தான் வேணும்

நம்ம ஏரியா தெரு லைட் கம்பத்துல ஒரு கம்பெனி இலவசமா கேமராவும் சென்சாரும் மாட்டப்போறதைப் பத்தி ஞாயித்துக்கிழமை மடிப்பாக்கம் கல்யாண மண்டபத்துல கூட்டம் நடந்துச்சு. வீடியோவை நிறைய பேர் பாத்துட்டீங்க, முழுசா திருப்பிச் சொல்லல. நான் கேட்டது ஒரே கேள்வி. அந்தக் கம்பெனிகூட போட்ட அக்ரிமெண்ட்டைக் காட்டுங்க, டேட்டா யார்கிட்ட இருக்கும், எத்தனை நாள் இருக்கும், வேற யார் கைக்குப் போகும்? மேடைல இருந்த அதிகாரி மைக்ல, "தானமா வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்காதீங்க மேடம்"ன்னாரு. மண்டபமே சிரிச்சுது. தினம் என்கூட வாக்கிங் வர்றவங்களும் சிரிச்சாங்க.

நான் மாடு வேணாம்னு சொல்லவே இல்ல. அக்ரிமெண்ட்டைக் காட்டுங்கன்னேன், அவ்ளோதான்.

தானம்னு சொன்னதால சொல்றேன். அமெரிக்கால நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக்கு பாலன்டிர்னு ஒரு டேட்டா கம்பெனி 2012லேருந்து போலீஸுக்கு சாஃப்ட்வேர் இலவசமா குடுத்துச்சு. யார் யாரோட பழகுறான், யார் குத்தம் பண்ண வாய்ப்பிருக்குன்னு கணக்குப் போடுற சாஃப்ட்வேர். காசு கைமாறலைங்கறதால கவுன்சில்ல ஓட்டுக்கே வரல. 2018ல பத்திரிகைல வந்தப்போதான் கவுன்சிலருங்களுக்கே தெரிஞ்சுது, ஆறு வருஷம் கழிச்சு! அந்த வருஷமே நிறுத்திட்டாங்க. இலவசம்ங்கறதுதான் அங்க கேள்வி கேக்க விடாம பண்ணுச்சு.

அதே அமெரிக்கால சான் டியாகோ நகரத்துல நம்ம கதையேதான். டிராஃபிக், பார்க்கிங் கணக்கெடுக்கன்னு 2016ல ஒத்துக்கிட்டு 3,000க்கு மேல தெரு லைட்ல கேமரா மாட்டினாங்க, அப்புறம் போலீஸ் அதை எடுத்துப் பாக்க ஆரம்பிச்சது ஜனங்களுக்குத் தெரியவந்து பெரிய பிரச்சனையாகி 2020ல அணைக்கச் சொல்லிட்டாங்க. முதல்லயே எழுத்துல கட்டுப்பாடு போட்டிருந்தா இது வந்திருக்குமா?

இப்ப என் வீட்டு விஷயம். எங்கப்பா போன் நம்பரை யாருக்கும் தர மாட்டாரு, கடைல பில் போட கேட்டாக்கூட "எதுக்கும்மா"ம்பாரு. ஒரு சேவைக்கு ஆன்லைன்ல பதிஞ்சே ஆகணும்னாங்க, நான்தான் உக்காந்து அவர் பேரு, வயசு, நம்பர் எல்லாம் அடிச்சுக் குடுத்தேன். மறுவாரமே லோன் கால், இன்ஷூரன்ஸ் கால். அங்கேருந்துதான் போச்சுன்னு என்னால நிரூபிக்க முடியாது, அதான் கொடுமை, யாராலயுமே முடியாது. அப்பா போய் ஒரு வருஷம் ஆகுது. அம்மா இன்னும் அந்த போனை ராத்திரி சார்ஜ்ல போட்டுட்டுத்தான் படுப்பாங்க. போன மாசம் ஒரு பொண்ணு கூப்பிட்டு அப்பா பேரை இனிஷியலோட சொல்லி, "சார் இருக்காங்களா, சீனியர் சிட்டிசன் பாலிசி"ன்னுது. அம்மா "அவர் இல்லம்மா"ன்னாங்க. அந்தப் பொண்ணு "எப்ப வருவாரு"ன்னு கேட்டுச்சு.

இந்த நேரத்துல இன்பாக்ஸ்ல ஒரு தம்பி, "கூகுள் மேப்ஸுக்கு எல்லாம் குடுத்துட்டு இதுக்கு ஏன்க்கா குதிக்கிறீங்க"ங்கிறாரு. மேப்ஸை நான் அணைச்சு வைக்கலாம் தம்பி. கம்பத்துல இருக்குற கேமராவை எப்படி அணைக்கிறது? பால் வாங்க அந்தத் தெருலதான போகணும்?

மழை வந்தா எங்க ஏரியால தண்ணி நிக்குது, டேட்டா இருந்தா உதவும்னு சொல்றீங்க. சரி, ஒத்துக்கறேன். தண்ணி மட்டம் அளக்க என் முகம் எதுக்கு?

"அக்ரிமெண்ட் கேட்டா கம்பெனி ஓடிடும்"னு இன்னொருத்தர். ஸ்பெயின் நாட்டு பார்சிலோனால, நகரத்துக்கு வேலை செய்யற கம்பெனி அந்த டேட்டாவை நகரத்துக்கே திருப்பித் தரணும்னு ஒப்பந்தத்துலயே எழுதுனாங்க, வோடஃபோனுக்கும் அதே கண்டிஷன்தான். "சட்டம் பாத்துக்கும்"னு சொல்றவங்க 2023 டேட்டா பாதுகாப்புச் சட்டத்தை ஒருதடவை படிங்க, அரசு நினைச்சா தன்னோட அமைப்புகளுக்கு விலக்கு குடுக்க அதுலயே வழி இருக்கு. அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு 2017ல சுப்ரீம் கோர்ட்ல ஒன்பது நீதிபதிங்க ஒருமனதா சொன்னாங்க. அவங்ககிட்டயும் மாட்டுப் பழமொழி சொல்லுவாரா அந்த அதிகாரி?

எனக்கு வலிச்சது அந்தச் சிரிப்புதான். ஒரு பொம்பள எழுந்து கேட்டா பதில் சொல்ல வேணாம், பழமொழி சொன்னா போதும், அப்படித்தான? மாடு வாங்குறவன் பல்லைப் பாக்காம வாங்கியிருக்கானா? எங்க தாத்தா சந்தைல கன்னுக்குட்டியக்கூட வாயத் தொறந்து பாத்துத்தான் ஓட்டிட்டு வருவாரு.

பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் வாங்கி வெச்சுட்டேன், நாளைக்கு ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு போடறேன். வணிக ரகசியம்னு மறுப்பாங்க, பொதுநலன் இருந்தா தரணும்னும் அதே பிரிவுலதான் இருக்கு, அப்பீல் போவேன். நாலஞ்சு பேர் தனித்தனியா போட்டா இன்னும் நல்லது. மனு டைப் பண்ணி வெச்சிருக்கேன், வேணும்ங்கறவங்க சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வீட்டுக்கு வாங்க. ஞாயித்துக்கிழமை சிரிச்சவங்களும் வரலாம்.