வெறும் உருவகமா?

நேற்றைய விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று புரியும். "அடிப்படைக் கட்டமைப்பு என்ற சொல்லே அரசியல் சாசனத்தில் கிடையாது. அது வெறும் உருவகம். அதை வைத்து நாடாளுமன்றத்தின் கையைக் கட்டுவதா?" என்று கேட்டார் அதில் எனக்கு எதிராகப் பேசியவர். அதற்குக் கைதட்டல் வேறு. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

சரி, சொல் கிடையாது. 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் அமர்ந்து, 7-க்கு 6 என்ற பெரும்பான்மையில் வந்த கோட்பாடு அது: நாடாளுமன்றம் சாசனத்தைத் திருத்தலாம், அதன் அடிப்படையை அழிக்கக் கூடாது. சாசனத்தின் பிரிவு 368 திருத்தத்தான் அதிகாரம் தருகிறது. திருத்துவது எங்கே முடிகிறது, அழிப்பது எங்கே தொடங்குகிறது? முழுப் பட்டியல் போட முடியாது. எந்தப் பக்கத்திலிருந்து இடிக்க வருவார்கள் என்பது முன்கூட்டியே தெரியாதே. அந்த இடத்தில்தான் உருவகம் வேலை செய்கிறது.

என் அக்கா மகள் போட்டித் தேர்வுக்காக இந்த வழக்கை ஆண்டோடு மனப்பாடம் செய்திருந்தாள். பொருள் மட்டும் பிடிபடவில்லை. வீட்டை நினைத்துப்பார் என்றேன். "அப்போ சுவரை மாற்றலாம், மாடி எடுக்கலாம், தூணைப் பிடுங்கக் கூடாது, அவ்வளவுதானே?" என்றாள். அவ்வளவேதான்! இதை எந்தச் சட்ட வாசகம் இவ்வளவு சீக்கிரம் புரியவைத்திருக்கும்?

உருவகம் தெளிவில்லாதது, நீதிபதிகள் இஷ்டத்துக்கு இழுப்பார்கள் என்பீர்கள். 1973-இல் அந்த நீதிபதிகளே ஆளுக்கொரு பட்டியல் தந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் இணையத்தில் போடும் பதிவுகளைக்கூடக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் எந்த உருவகமும் இல்லையே? 'எரிச்சல்', 'அசௌகரியம்' என்று நேரடிச் சொற்கள்தான். எரிச்சல் யாருக்கு, எவ்வளவு? யாருக்கும் தெரியாது. பதிவு போட்டவர்கள் கைதானார்கள். 2015-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது, தெளிவில்லை என்பதையும் ஒரு காரணமாகச் சொல்லி.

தேர்ந்தெடுக்கப்படாதவர்கள் தடுக்கலாமா என்ற கேள்வியும் வரும். நெருக்கடி நிலையின்போது, 1976-இல், தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்தான் 42-ஆவது திருத்தம் கொண்டுவந்தார்கள். சாசனத்தைத் திருத்தும் அதிகாரத்துக்கு எந்த வரம்பும் இல்லை, நீதிமன்றம் கேள்வி கேட்கவும் கூடாது என்று அப்பட்டமாகவே எழுதினார்கள். 1980-இல் மினர்வா மில்ஸ் வழக்கில் அந்தப் பகுதி செல்லாது என்றானது. எதை வைத்து? நீங்கள் 'வெறும்' என்று தள்ளுகிற அதே உருவகத்தை வைத்து.

கடைசியில் என்னைப் பார்த்து, "இலக்கியம் படித்தவர்களுக்குச் சட்டம் எதற்கு?" என்றாரே, அதுதான் வலிக்கிறது. சாசனம் வக்கீல்களுக்கு மட்டும் எழுதியதா? என் பேச்சு எப்போது குற்றமாகும் என்று கேட்க நான் எந்தப் பட்டத்தைக் காட்ட வேண்டும்? அவர் இதற்குப் பதில் சொல்லட்டும். அப்புறம் உருவகத்தைப் பற்றிப் பேசலாம்.