பீட் மண் சாலை: மேலே கொட்டினால் அமிழ்வது நிற்குமா?

"பீட் மண்ணில் சாலை அமிழ்ந்தால், நிற்கும்வரை கிராவல் கொட்டினால் போதும்" என்ற தகவல் பரவுகிறது. தவறு.

பீட் என்பது பாதி மக்கிய தாவர நார். அதிலுள்ள நீர், உலர் எடையைப் போல் 10 மடங்குகூட இருக்கும். 1 மீட்டர் கிராவல், சதுர மீட்டருக்குச் சுமார் 2 டன் சுமை. நீர் பிதுங்கி வெளியேற, சாலை இறங்கும். அதன் பிறகும் நார்கள் நசுங்குவது ஆண்டுக்கணக்கில் தொடரும். அவசரமாகக் கொட்டினால் இன்னும் மோசம்: ஓரத்தில் பீட் புடைத்தெழும், கரை சரியும்.

பீட்டின் ஆழம் 3 மீட்டருக்குள் என்றால் தோண்டி அகற்றி மணல் நிரப்புவதே நல்லது. அதற்கு மேல் என்றால், ஜியோடெக்ஸ்டைல் (செயற்கை இழைத் துணி) விரித்து, கிராவலை அடுக்கடுக்காகப் போட வேண்டும்; பீட்டுக்குள் நீரழுத்தம் தணிந்த பின்பே அடுத்த அடுக்கு. ஏற்கெனவே அமிழ்ந்த சாலையில் பழைய நிரப்பை எடுத்துவிட்டு இபிஎஸ் (தெர்மாகோல் வகை) நுரைக்கட்டிகள் வைக்கலாம். கன மீட்டருக்குச் சுமார் 20 கிலோதான். நார்வேயில் 1972-லேயே செய்தார்கள். இந்தக் கட்டிகள் வெள்ளத்தில் மிதக்கும், பெட்ரோல் பட்டால் கரையும் என்பதால் மேலே கான்கிரீட் பலகை போட வேண்டும்.